உப்புப் புள்ளிகள்

முன்கண்ணாடியின் மேல் குனிந்து ஹாவென்று ஊதி, ஆவி மறைவதற்குள் பழைய வேட்டித் துணியால் வட்ட வட்டமாகத் தேய்க்கிறார் பாண்டுரங்கன். பிறகு இரண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். வெள்ளைப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. "சனியன், அம்மை வார்த்தாப்பல ஒட்டிக்கினு கீது பாரு" என்று கண்ணாடியைத் திட்டிவிட்டு மறுபடியும் ஊதுகிறார்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, புளியமரத்தடியில் நிற்கும் கறுப்பு அம்பாசடர் அவருடையது. சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சலவைச் சட்டைதான். பீடி குடிக்க வேண்டுமென்றால் வண்டியை விட்டுத் தள்ளிப் போய்விடுவார். யாராவது கதவில் சாய்ந்தால் போதும், "அது இன்னா உன் வூட்டுச் செவுரா?" என்று பாய்வார். இத்தனை இருந்தும் வண்டியில் பளபளப்பு இல்லை.

ஒரு காலத்தில் அந்த பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அதற்குக் காரணம் அவருடைய தங்கை கிளியம்மாள். புருஷன் கைவிட்டதும் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். காய்ந்தால் கறுப்புப் பெயிண்டில் சுண்ணாம்பு தெளித்தது போலப் புள்ளி விழும். அதனால் வெயில் ஏறுவதற்கு முன்பே ஏரிக்குப் போய்க் குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து வருவாள். கழுவிய ஈரத்தைத் தானாகக் காய விடமாட்டாள். உடனே ஒற்றி எடுத்துவிடுவாள். கண்ணாடிக்கு மட்டும் எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீர். அதில் ஒரு சொட்டு பெயிண்டில் தெறித்தாலும் ஓடிப்போய் அலசுவாள். "கொயந்த மூஞ்சி மாறிண்ணா இது. முரட்டுத்தனமா தேச்சா அவ்ளோதான்" என்பாள்.

அண்ணனுக்கு அந்தப் பளபளப்பில் பெருமை உண்டு. யார் கழுவியது என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து கல்யாண சவாரி பேச ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கே வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை சேறுடன் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் கிளியம்மாள்.

"யார் இந்தம்மா?" என்று கேட்டார் அவர்.

சலவைச் சட்டையில் நின்ற பாண்டுரங்கனுக்கு நாக்கு எப்படித்தான் புரண்டதோ! "வண்டி கழுவுற பொம்பளைங்க. மாசக் கூலிக்கு வெச்சிக்கீறேன்" என்றார்.

"நல்லதாப் போச்சு. நாளைக்கு இவளையும் கூட்டிட்டு வா. மண்டபத்துப் பக்கம் ஒரே புழுதி. ஊர்வலத்துக்கு முன்னாடி நல்லாத் துடைச்சு வெக்கட்டும்."

பதில் கிளியம்மாளிடமிருந்துதான் வந்தது. "சரிங்க, வரேன்."

மறுநாள் அவள் மண்டப வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பெரிய மனிதர் டிரைவரைக் கைப்பிடித்து இழுத்துப் போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். ஜன்னல் வழியாகப் பாண்டுரங்கனுக்கு வாசல் தெரிந்தது. யாரோ கிளியம்மாளுக்கு இலையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வண்டிக்குப் பின்னால், நிழலில் குந்தி அவள் சாப்பிட்டாள். எழுந்து போய், "இவ என் தங்கச்சி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாயசம் வந்தது. குடித்தார்.

சாயந்திரம் வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் துணியைப் பிழிந்து வேலியில் உதறிப் போட்டாள். "அண்ணா, நாளைலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. விடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் அவர் மனைவி காந்திமதி கேட்டது ஒரே கேள்வி. "தங்கச்சின்னு சொன்னா உன் வாய் இன்னா வெந்தா பூடும்?"

அன்றிலிருந்து வண்டியைத் தானே கழுவுகிறார். ஏரி வரை நடக்க உடம்பு வணங்காமல் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினார், புள்ளி விழுந்தது. ஆத்திரத்தில் செங்கல் தூளைப் போட்டு பானெட்டைத் தேய்த்தார். புள்ளி போகவில்லை, பெயிண்டுதான் போனது. பூ விழுந்த கண்ணைப் போல அந்த இடம் மங்கிக் கிடக்கிறது. தெரிந்தவர்கள், "இன்னா பாண்டு, வண்டி இப்டி பூடுச்சி?" என்று கேட்டால், "மழைல நனஞ்சிடுச்சி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

போன ஐப்பசியில் சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடிக்கு ஒரு சவாரி வந்தது. கிளியம்மாள் அங்கேதான் இட்லிக் கடை போட்டிருக்கிறாள் என்று தெரியும். சவாரியை இறக்கிவிட்டு, கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். அவள் ஆவி பறக்கும் இட்லிகளைத் துணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சியில் நாலைந்து பேர்.

எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை அந்த நாலைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "இவ என் தங்கச்சி. கூடப் பொறந்தவ."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி இலையில் குனிந்தார்கள்.

"அதெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும்ணா" என்றாள் கிளியம்மாள். "எங்கண்ணன் சத்திரத்துல சொந்தமா டாக்சி ஓட்டறார்னு வந்த அன்னிக்கே சொல்லிக்கீறேன்."

பாண்டுரங்கன் பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்தார். இட்லி வைத்துக் கொடுத்தாள், காந்திமதியை விசாரித்தாள். புறப்படும்போது வண்டி வரைக்கும் வந்தாள். புள்ளிகளையும் பானெட்டையும் பார்த்தாள்.

அவர் முன்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறும்மா. வூட்டுக்குப் போலாம்."

திறந்த கதவின் மேல் அவள் கை வைத்தாள். பிறகு அதைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கறுப்புப் பெயிண்டில் அவள் விரல்கள் பதிந்திருந்தன. முந்தானையை எடுத்து அந்தத் தடத்தை மெதுவாகத் துடைத்துவிட்டு, கடைப் பக்கம் திரும்பினாள்.