வலது கால் மட்டும்

இயேசு தன் சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று எங்கள் கோவிலுக்கு ஆயரே வந்து பன்னிரண்டு பேரின் பாதம் கழுவப்போகிறார் என்றார்கள். பங்குச்சாமியார் அந்தப் பன்னிரண்டில் என்னையும் சேர்த்திருந்தார். சீடனாவதற்கு எனக்கிருந்த ஒரே தகுதி, சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவேன் என்பதுதான்.

அன்று மதியமே டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் வாளியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். ஆயர் கழுவப்போகிற காலை முன்கூட்டியே கழுவி, குதிகாலைக் கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் போட்டேன். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை. எல்லாம் வலது காலுக்கு மட்டும்தான். சடங்கில் அதைத்தானே கழுவுவார்கள்!

பூசை தொடங்கியும் ஒருவர் வரவில்லை. என் பக்கத்து நாற்காலி காலி. ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைச் சீருடையோடு நேராக வந்து பின்னால் நின்றிருந்த என் மனைவியைச் சாமியார் கைகாட்டி அழைத்தார். வந்தவள் என் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, நான் மாட்டேன். காலையிலேருந்து ஷூவுக்குள்ள வெந்த காலு. வெடிப்பு வேற. இதைப் போய் ஆயர் தொடணுமா?"

"என் காலைப் பாரு, கண்ணாடி மாதிரி. இது பக்கத்துல இருக்கையில உன்னுதை யாரு பாக்கப்போறா?"

"சும்மா கெடங்க. உங்க பவுடர் வாசம் வாசல் வரைக்கும் வருது."

உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றி, இரண்டு கால்களையும் நாற்காலிக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

ஆயருக்கு முழங்கால் வலி. இருந்தும் ஸ்டூல் வேண்டாமென்று தரையில்தான் மண்டியிட்டார். என் காலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒற்றிவிட்டு நகர்ந்தார். அத்தனை அலங்காரத்துக்கும் அவ்வளவுதான்.

அவள் தயங்கித் தயங்கி வலது காலை நீட்டினாள். ஆயர் வெடிப்பைப் பார்த்தார், சீருடையைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் நிதானமாகக் கழுவித் துடைத்தார். பிறகு இடது காலையும் கேட்டார்.

"ஒண்ணு போதும், பிஷப்ஜி!" பதற்றத்தில் தமிழிலேயே சொல்லி, ஒரு விரலையும் காட்டினாள்.

"அதுவும் நின்றுகொண்டுதானே இருந்தது?" என்றார் அவர் ஹிந்தியில்.

அதையும் கழுவி முடித்து எழும்போது தடுமாறினார். ஈரக்காலோடு அவளே அவரைத் தாங்கிப் பிடித்து நிறுத்தினாள்.

திரும்பும்போது ஷூவைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஆட்டோவுக்கு நடந்தாள்.

"மறுபடி அழுக்காயிடுமே!"

"ஆகட்டும்."

ஆட்டோவில் இரண்டு கால்களையும் நன்றாக நீட்டி வைத்துக்கொண்டாள். நான் என் இடது காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டேன்.