என் வீட்டுக்காரரின் பேட்ஜை வெயிலில் வைத்தது நான்தான்

இன்று நம்ம ஊர் ஸ்கேன் சென்டர் கவுண்டரில்...

டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். உள்ளேயிருந்து வந்த டெக்னீஷியன் தம்பியின் சட்டைப் பையில் ஒரு சின்ன பேட்ஜ்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, அதை வெயில்ல கியில்ல வச்சிராதீங்க!"

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

எப்படித் தெரியுமா! வெளியில் ஒருத்தரிடமும் சொல்லாமல் நாற்பது வருடம் மூடிவைத்த குற்றம் அது. இன்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். (என் மகள் படிப்பாள். படிக்கட்டும்!)

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு சங்கரன்கோவிலில் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. என் வீட்டுக்காரருக்கு மெட்ராஸில் லெக்சரர் வேலை. பாடம், மெடிக்கல் பிசிக்ஸ். புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர் வைக்கும்போது எவ்வளவு வைக்க வேண்டும், எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற படிப்பு. எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்.

(ஊரில் கேட்டவர்களிடம் "காலேஜ் வாத்தியார்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். முழுசாகச் சொன்னால், "அப்ப அண்ணாச்சி ஊசி போடுவாகளா?" என்று கிளம்பி வந்துவிடுவார்கள்!)

எனக்கு டிரான்ஸ்ஃபர் கிடைக்கவில்லை. அவர் நடத்துகிற படிப்பு இந்தப் பக்கம் எங்கேயும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரயிலில் வருவார். காலையில் வந்தால் மறுநாள் சாயங்காலம் கிளம்பிவிடுவார்.

"ஊர் உலகத்துல எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை லீவு. உங்களுக்கு மட்டும் என்னங்க?"

"ஞாயித்துக்கிழமைதான கோமதி கதிர் வைக்கிற மெஷின் சும்மா இருக்கும்? மத்த நாள் பூரா பேஷண்ட் காத்துக் கெடக்காங்க. அன்னைக்குத்தான் பிள்ளைகளுக்கு அளந்து காட்ட முடியும்."

நோயாளியோடு சண்டைக்குப் போக முடியுமா? ஆனால் அந்த மெஷின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, சக்களத்தி மேல்கூட அவ்வளவு வராது!

எங்கள் ஊர் கோமதி அம்மனுக்குப் புருஷனைப் பார்க்க ஆடி மாதம்தான் தபசு. இந்தக் கோமதிக்குப் பன்னிரண்டு மாதமும் தபசு!

ஒரு பங்குனி மாதம். காலை ரயிலில் வந்து சட்டையைக் கழற்றியவர் பதறிவிட்டார்.

"அடடா! பேட்ஜைக் கழட்டி வைக்காம வந்துட்டேனே! பிள்ளைகளுக்கு மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லுதேன், நானே மறந்துட்டேன் பாரு!"

"அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?"

லெக்சரரிடம் கேட்கவே கூடாத கேள்வி! பல் தேய்க்காமல் நின்று வகுப்பெடுத்தார். உள்ளே ஒரு ஃபிலிம் இருக்கிறதாம். கதிர் பட்டால் கறுக்குமாம். அதைக் கழுவிப் பார்த்து, மெஷின் பக்கம் வேலை செய்கிறவர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று கண்டுபிடிப்பார்களாம்.

"வெயில்ல சூடானாலும் கறுத்துரும். அப்புறம் கூடுதலாக் கதிர் பட்டுருக்கோன்னு சந்தேகம் வந்துரும். விசாரிச்சு முடிக்கது வரைக்கும் மெஷின் பக்கமே விட மாட்டாங்க."

மெஷின் பக்கமே விட மாட்டார்கள்!

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கினார். நான் மொட்டைமாடிக்குப் போனேன். தரையில் கால் வைக்க முடியவில்லை. காயப்போட்டிருந்த மிளகாய் வத்தல் பக்கத்தில் அந்த பேட்ஜை வைத்தேன். சாயங்காலம் எடுத்துவந்து பழையபடி சட்டையில் மாட்டிவிட்டேன்.

அவர் ரயில் ஏறிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வேலை போய்விட்டால்? கதிர் பட்டுவிட்டதென்று மனுஷன் பயந்து கிடந்தால்? படுபாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேன். எழுதிச் சொல்லவும் தைரியம் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பெட்டியோடு வாசலில் நிற்கிறார்!

"பத்து நாள் லீவு" என்றார். மெஷின் பக்கம் விடாமல் அனுப்பிவிட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தப் பத்து நாள்! சாயங்காலம் ஆபீஸ் வாசலில் சைக்கிளோடு நிற்பார். சமையலுக்குத் தேங்காய் துருவித் தருவார். (பாதி அவர் வாய்க்குள் போய்விடும்.) உள்ளுக்குள் பயம் இருந்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

பத்தாம் நாள் ஸ்டேஷனில் எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார்.

"யாரு சொன்னா?"

"ஃபிலிம்தான். பேட்ஜுக்குள்ள சின்னச் சின்னத் தகடு வச்சிருக்கும். கதிர் பட்டா அந்தத் தகடோட நிழல் ஃபிலிம்ல விழும். இதுல நிழலே இல்ல, ஒரே கறுப்பு. கிளாஸ்ல காட்டினேன். முதல் வருசப் பிள்ளைகளே 'சார், இது வெயில் சார்'னு சொல்லிட்டாங்க. ஊருக்குக் கொண்டுபோனது என் தப்புன்னு எழுதிக் குடுத்தேன். திட்டோட போச்சு."

"அப்ப இந்த லீவு?"

"நானாக் கேட்டு வாங்கினது." கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "ஏட்டி கோமதி, நாலு வருசமா லெட்டர் போடுதியே, ஒண்ணுலயாவது 'வாங்க'ன்னு எழுதியிருக்கியா? 'இங்கு அனைவரும் நலம்'னுதான எழுதுத? நீ சௌக்கியமா இருக்கதாத்தான் நெனைச்சுக்கிட்டேன்."

ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தான் எழுதியதாக நான் நினைத்திருந்தேன்! மழை இல்லை, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது என்று எழுதியபோதெல்லாம் மனசு அதைத்தான் சொன்னது. காகிதத்தில் இறங்கவே இல்லை.

மறுநாளே இன்லண்ட் லெட்டரில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதிப் போட்டேன். வந்தார். எனக்கு டிரான்ஸ்ஃபர் கிடைக்கும் வரை, எழுதியபோதெல்லாம் வந்தார். (ஞாயிறு வகுப்பு கெடாமல்தான்!)

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் காலை ரயில் சத்தம் கேட்டால் அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வருகிறது. எழுதிப் போடத்தான் விலாசம் இல்லை.

சரி, படித்தது போதும். உங்கள் ஆள் எந்த ஊரில் இருக்கிறாரோ, 'வா' என்று முதலில் ஒரு மெசேஜ் போடுங்கள். எனக்கு லைக் அப்புறம் போடலாம்!