வில் நழுவிய இடத்திலேயே

எண்பதுகளின் நடுப்பகுதியில், இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் எனக்கொரு ஒலிபெருக்கிக் கடை இருந்தது. கலியாணம், கந்தூரி, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஹோன் கட்டுவது நான்தான். பக்கத்துத் தமிழ் ஊரான பெரியநீலாவணையில் ஒரு கோயிலில் மார்கழி பிறந்தால் மாலையில் கீதைப் பிரசங்கம் நடக்கும். அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் பிரசங்கி பேச்சை நிறுத்துவார், முடிந்த பிறகு தொடர்வார். அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

பிரசங்கம் செய்தவர் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். எதிர்ப்படையில் மாமனும் மச்சானும் படிப்பித்த குருவும் நிற்பதைக் கண்டு வில்லாளியின் கையிலிருந்து வில் நழுவுவதை அவர் முதல் நாளே சொல்லி முடித்துவிடுவார். அடுத்த நாள் தேரோட்டி பேசத் தொடங்குவான்: கடமை, பலனை நினையாத வேலை, சாகாத உயிர். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த வரிசை பாடமாகியிருந்தது.

அந்த வருஷம் ஊர் ஊராக இருக்கவில்லை. அடிக்கடி ஆமியின் சுற்றிவளைப்பு. வெயில் இறங்குமுன்னரே கடற்கரை வெறிச்சோடிவிடும். சில தமிழ் வீடுகளில் பொடியன்களைக் காணவில்லை; இயக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்று கதை. எங்கே என்று கேட்டால் தாய்மார் பேச்சை மாற்றினார்கள். தமிழ் ஆட்களும் எங்கள் ஆட்களும் சந்தியில் நின்று கதைப்பதும் குறைந்துபோயிற்று.

முதல் நாள் பிரசங்கம் முடிந்ததும் இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வந்தார்கள். நான் அறியாத முகங்கள். ஒருவன், எங்கள் ஆட்களில் மூத்தவர்களைக் கூப்பிடும் முறையில் என்னிடம், "காக்கா, நாளைக்கு ஹோன றோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுங்க. ஊரெல்லாம் கேக்கணும்" என்றான். மாஸ்டரிடம் போய், "எழும்பு, சண்டை பிடி எண்டு சொல்ற இடம் வருதுதானே? அத நல்லா விளக்கிச் சொல்லுங்க" என்றான்.

"அது வாற நேரம் வரும் தம்பி" என்றார் அவர்.

அடுத்த நாள் ஹோன் றோட்டைப் பார்த்தது. மாஸ்டர் தேரோட்டியைத் தொடவேயில்லை. வில் நழுவிய இடத்துக்கே திரும்பிப் போனார். அதற்கடுத்த நாளும் அப்படியே. எதிரே நிற்பவன் யார் என்று கேட்டார். உன் வயலுக்கு மடை திறந்துவிட்டவன், உன் பிள்ளை பிறந்த அன்று வந்து பார்த்தவன் என்று அவரே பதிலும் சொன்னார். கூட்டத்தில் ஆண்கள் குறைந்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

சைக்கிளில் வந்தவர்களில் ஒருவன் பின்னால் நின்று குரல் கொடுத்தான். "மாஸ்டர், உங்கட வில்லாளி எப்பதான் எழும்பப் போறான்?"

மாஸ்டர் மைக்கிலேயே சொன்னார்: "அவன் இன்னும் கேட்டு முடியல்ல தம்பி. வில்லக் கீழ வெச்சிட்டுக் கேட்டதாலதான் கீதையே வந்தது. கேக்காம எழும்பினா அது வெறும் கொலை."

போகும்போது அந்த இளைஞன் என் அம்ப்ளிஃபயரில் கையை வைத்து, "காக்கா, நாளைக்கு இதக் கொண்டு வர வேணாம்" என்றான்.

வீட்டில் மனைவி அழுதாள். "அவங்கட பிரச்சினைக்குள்ள நீங்க ஏன் போறீங்க? பிள்ளைகள நினைச்சிப் பாருங்க." மறுநாள் மாலையும் அம்ப்ளிஃபயரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். கோயிலில் நான் தென்னையில் இழுத்திருந்த வயர் வெட்டுப்பட்டுத் தொங்கியது. மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு மைக் இல்லாமலே பேசினார். பெண்கள் பாயை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள்.

மறுநாள் காலை கந்தோருக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரவில்லை. அவருடைய சைக்கிள் மதகடியில் நின்றது. ஒழுங்காகப் பூட்டியிருந்தது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், உடனே திரும்பலாம் என்று நினைத்துத்தான் இறங்கியிருக்கிறார்.

அன்று மாலை அவர் மனைவி கோயிலுக்கு வந்து அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். "தம்பி, மைக்கக் கட்டுங்க" என்றார்.

"அக்கா, இண்டைக்கு வேணாமே."

"கட்டுங்க தம்பி. எனக்குக் கத்திக் கதைக்க ஏலா."

வெட்டிய வயரை முறுக்கி ஒட்டினேன். அவருக்குப் பிரசங்கத் தமிழ் வராது. வீட்டில் கதைப்பதுபோல, வில் நழுவியதைச் சொன்னார். வாய் உலர்ந்தது, தோல் எரிந்தது, நிற்க ஏலாமல் தேரிலேயே இருந்துவிட்டான் என்றார். பாங்கு கேட்டதும் நிறுத்தினார். பிறகு, "அவர் எங்க எண்டு தெரிஞ்ச ஆக்களும் இதக் கேட்டுக்கொண்டுதான் இரிப்பீங்க. அவர்ட கையில வில்லும் இல்ல, துவக்கும் இல்ல. வீட்ட அனுப்பிவிடுங்க" என்றார்.

றோட்டில் சைக்கிள்கள் நின்றன. கொஞ்ச நேரத்தில் அவை போய்விட்டன.

மாஸ்டர் சில நாட்களில் வந்தார். வெளிக்காயம் எதுவும் தெரியவில்லை. நான் பார்க்கப் போனபோது தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் சிந்தியது. கொண்டுபோனது இயக்கப் பொடியன்களா, ஆமியா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படலையில் சைக்கிள் மணி அடித்தால் எழுந்து உள்ளே போனார்.

தை பிறக்குமுன் அவர்கள் ஆலையடிவேம்பில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். சாமான் ஏற்ற நானும் கை கொடுத்தேன். லொறியில் ஏறும்போது அக்கா சொன்னார்: "தம்பி, இனி இந்தப் பக்கம் வராதீங்க. உங்கள நான் அறிவன், எல்லாரும் அறியமாட்டாங்க."

சில மாதங்களில் தமிழ் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் கலவரம் மூண்டு, மருதமுனைக்கும் பெரியநீலாவணைக்கும் நடுவில் றோட்டில் டயர்கள் எரிந்தன. நடந்தே போய்வந்த தூரம்தான். அதைக் கடக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.