நான்கு விநாடிக்காரன் வாங்கிய வைரம்

கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையின் ஆண்டு மலரில், எட்டாம் பக்கத்தில், அவன் படத்துக்குக் கீழே இப்படி அச்சிட்டிருந்தார்கள்: "முதுநிலைத் தரச் சோதகர். புட்டிக்கு நான்கு விநாடியில் உறுதியான முடிவெடுப்பவர். தயக்கம் அறியாதவர்." படம் அவனுடையதுதான். கீழே இருப்பது யாரைப் பற்றி என்று அவன் வீட்டார் கேட்டார்கள்.

கேட்க நியாயம் இருந்தது. செருப்புக் கடைக்குள் போனால், ஷட்டரை இறக்கும் நேரத்தில் பழைய செருப்போடு வெளியே வருகிற ஆள் அவன். மணக்கப்போகிற பெண்ணிடம் மனதில் உள்ளதைச் சொல்ல இரண்டே கால் வருஷம் எடுத்துக்கொண்டான். கண் மருத்துவமனையில் செவிலியாக இருந்த அவள்தான் கடைசியில் பொறுமை இழந்து, "சொல்லித் தொலைங்க, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று அந்தச் சொல்லுக்குப் பிரசவம் பார்த்தாள்.

ஆனாலும் மலர் பொய் சொல்லவில்லை. வெளிச்சத் திரைக்கு முன்னால் புட்டிகள் வரிசையாக நகரும்போது அவன் கை நடுங்காது. குமிழி, கீறல், கழுத்தில் மயிரிழை வெடிப்பு, எதுவும் தப்பாது. கூட வேலை பார்க்கிறவர்கள் "கீறல்" என்றே அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ரகசியம் அவன் முழங்கை அருகே நின்றது. அது ஒரு மாதிரிப் புட்டி. வேண்டுமென்றே கொஞ்சம் குறையுள்ளது. இந்த அளவுக் குறை என்றால் விடு, இதைவிட மோசம் என்றால் கழி. முடிவை எடுத்தது அந்தப் புட்டி. சம்பளம் வாங்கியது அவன்.

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் எடுக்கக் கிளம்பியபோது, கூட வர அப்படி ஒரு புட்டி இல்லை.

வைரக் கடைக்காரர் தடிமனான கண்ணாடியும் தாழ்ந்த குரலும் உள்ள மனிதர். முதல் நாளே நல்ல புத்தி சொன்னார். "தம்பி, முழு ஒரு கேரட் வேணும்னு அடம் பிடிக்காதீங்க. கொஞ்சம் குறைஞ்சா விலை சடார்னு இறங்கும், விரல்ல பாத்தா ஒரே அளவுதான். தங்க மோதிரம்னா கல்லுல லேசா மஞ்சள் இருந்தாலும் தெரியாது. பட்டை தீட்டினதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம், மின்னுறது அதுலதான். மத்தபடி, கண்ணுக்குத் தெரியாத குறைக்கு எதுக்குக் காசு கொடுக்கறீங்க?"

"பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா தெரியுதே?"

"கண்ணாடி வச்சு யாரு பாப்பாங்க?"

"நான் பாப்பேன்."

கடைக்காரர் அவனை அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். ஐந்து வாரத்தில் ஐந்து முறை வந்தான். நாற்பத்தொரு கல்லைப் பார்த்தான். ஒன்றில் வெள்ளைப் புகை, ஒன்றில் ஊசி முனைப் புள்ளி, எதுவுமே இல்லாத ஒன்றில் விலை. மூன்றாம் முறையோடு "தம்பி" போய் "சார்" வந்தது. மரியாதை கூடியதால் அல்ல.

நான்காம் முறை அவளையும் அழைத்துப் போனான். அது நல்ல யோசனை. அதனால்தான் எல்லாம் கெட்டது. அவள் ஒரு கல்லைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, குழந்தை மாதிரி சிரித்தாள். "இதுவே போதும். மத்ததைக் காட்டவே காட்டாதீங்க."

அவன் சான்றிதழைப் பிரித்தான். கல்லின் படம் வரைந்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுக்கிற காகிதம் அது. அதைப் பார்த்துப் பார்த்து, பூதக்கண்ணாடியை அவள் கண்ணில் வைத்து, கல்லை இடுக்கியில் திருப்பிக் காட்டினான். "நடுவுல கொஞ்சம் வலது பக்கம். கறுப்பா, எறும்புத் தலை மாதிரி. தெரியுதா?"

வேலையிடத்தில் இது கடமை. குறையைக் கண்டவன் பக்கத்திலிருப்பவனுக்குக் காட்டியாக வேண்டும்.

"தெரியுது" என்றாள். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். "இப்ப இது இல்லாமலேயே தெரியுது."

"வாய்ப்பே இல்ல. வெறும் கண்ணுக்கு அது..."

"கண்ணு எப்படிப் பாக்கும்னு எனக்கா சொல்லித் தர்றீங்க?"

பஸ் நிறுத்தத்தில் அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நான் அந்தக் கல்லோட ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன். அதையும் செக் பண்ணிக் கழிச்சுப் போட்டீங்க. இனிமே என்கிட்ட ஒண்ணும் காட்டாதீங்க. நீங்களே எடுங்க. மோதிரம் செய்யக் கொடுத்த ரசீதோட சனிக்கிழமை வாங்க. வரலைன்னா, அப்பா நிச்சயத்துக்குப் பேசி வச்ச ஹாலை வேணாம்னு சொல்லிடுவாரு. நானும் தடுக்கமாட்டேன்."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவன் அடுத்த பஸ்ஸுக்கு நின்றான். எந்தப் பஸ் என்று யோசிப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

சனிக்கிழமை மாலை நாலரைக்குக் கடைக்காரர் முன்னால் உட்கார்ந்து, வைர வியாபாரத்தில் யாரும் கேட்டிராத ஒன்றைக் கேட்டான். "உங்ககிட்ட இருக்கிறதுலயே மோசமான கல்லைக் காட்டுங்க. இதுக்குக் கீழ போனா வாங்கவே கூடாதுன்னு சொல்ற மாதிரி."

"சார், கடைக்குள்ள பேசற பேச்சா இது?"

"வாங்கறதுக்கு இல்ல. பக்கத்துல வச்சுக்கறதுக்கு."

கடைக்காரர் பெருமூச்சு விட்டு, அடி இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். யாரோ பழைய மோதிரத்தோடு கொடுத்துவிட்டுப் போன கல். சோப்புத் தண்ணீர் நிறம், ஓரத்தில் விரிசல். "இதை நான் வச்சிருக்கேன்னு வெளிய தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

அவன் அந்தக் கல்லை முழங்கை அருகே வைத்துக்கொண்டான். அதன்பின் நடந்ததைக் கடைக்காரர் வாய் பிளந்து பார்த்தார். மூன்று கல்லை எடுத்தான். பார்த்தான், பாஸ். பார்த்தான், பாஸ். பார்த்தான், பாஸ். மொத்தம் பன்னிரண்டு விநாடி.

பிறகு ஐம்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தான். தொழிற்சாலையில் தேறிய புட்டிகள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகும். தேறியதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அங்கே யாரும் அவனைக் கேட்டதில்லை.

போன் அடித்தது. அவள் அப்பா. "மாப்ளே, ஹால்காரன் லைன்ல இருக்கான். வேணுமா வேணாமா?"

"அஞ்சே நிமிஷம் மாமா."

"அஞ்சு வாரமா இதைத்தான் சொல்றீங்க." வைத்துவிட்டார்.

அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளறையில் மோதிரம் செய்கிறவர் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைக்கிற சத்தம் கேட்டது. கடைக்காரர் தன் லாபத்துக்கு எதிராகத் தானே பேசினார். "மூணும் உங்க பரீட்சையில தேறிடுச்சு. அப்புறம் அதிக விலை கொடுத்து ஏன் எடுக்கணும்? குறைஞ்சதை எடுங்க. ஒரு கேரட்டுக்குக் கொஞ்சம் கம்மி, லேசா மஞ்சள், பட்டை பிரமாதம். புள்ளி ஓரத்துலதான். மோதிரத்துல கல்லைப் பிடிக்கிற கொக்கி நேரா அது மேலயே உக்காரும். அப்புறம் ஆண்டவனுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"அது உங்க தலையெழுத்து. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் அந்த விலை குறைந்த கல்லை அவர் பக்கம் தள்ளினான். கடைக்காரர் துள்ளி எழுந்து, மோதிரக்காரரை வாசலில் பிடித்தார். திரும்பி வந்து ரசீதையும் சிவப்புப் புள்ளி வைத்த காகிதத்தையும் நீட்டினார். அவன் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டான்.

"சார், இதை விட்டுட்டு யாரும் போனதில்ல. நாளைக்கு விக்கணும்னா இதுதான் ஆதாரம்."

"இருக்கட்டும்."

மருத்துவமனை வாசலில் அவள் ரசீதை இரண்டு முறை படித்தாள். அப்பாவுக்கு போன் போட்டு, "ஹால் இருக்கட்டும்பா" என்றாள். பிறகு அவனைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக் கேட்டாள். "பேப்பர் ஒண்ணு தருவாங்களே?"

"கடையில இருக்கு."

அவள் இன்னொரு கேள்விக்கு வாயெடுத்தாள், கேட்கவில்லை. அவனுக்கு அது நிம்மதியா பயமா என்று தெரியவில்லை. வீடு போய்ச் சேரும்வரை தெரியவில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அவன் புள்ளியுள்ள ஒரு கல்லை வாங்கினான். புள்ளி எங்கே என்று அவளிடம் சொல்லவில்லை.