சிறையிலிருந்து வந்த நாற்பது விநாடி

வண்டன்மேட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில் முப்பத்தொரு வருடமாகக் காய் உலர்த்துகிறவர் வேதமுத்து. டிரையருக்குள் போன பச்சைக்காய் எப்போது வெளியே வர வேண்டும் என்பதை மீட்டர் பார்க்காமல், இரண்டு காயை உள்ளங்கையில் உருட்டியே சொல்லிவிடுவார். காயை ஏலம் விடும் இடத்தில் முதலாளி இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். டிரையருக்குச் சூடான காற்றை ஊதும் புளோயரின் இரைச்சலில் அந்த மனிதரின் காது பாதி போய்விட்டதை மட்டும் எங்கும் சொன்னதில்லை. காதில் வைத்துக்கொள்ள ஒரு துண்டுப் பஞ்சுகூட அந்த ஸ்டோரில் யாரும் கொடுத்ததில்லை.

மூன்று வருடமாக ஊரில் அவருக்கு வேறு பெயர். ஷைஜுவுடைய அப்பா.

ஷைஜு தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டியவன். ஒரு காலையில் ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன் என்று, தான் வண்டி ஓட்டும் அழகைத் தானே படம்பிடித்துக்கொண்டு வளைவில் திரும்பினான். ஜீப் உருண்டது. உள்ளே பதினாறு பெண்கள். அதே ஊர்ச் செபமாலையம்மாளின் ஒரே மகள் ஜெஸ்னா அந்த இடத்திலேயே உயிரை விட்டாள். ஷைஜுவுக்குத் தண்டனை கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஆனால் எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேரை அடைக்கச் சொன்ன ஜீப் முதலாளி சாட்சியாகக்கூட நீதிமன்றம் ஏறவில்லை. அவருடைய மற்ற ஜீப்புகள் இன்றைக்கும் அதே வளைவில் அதே நெரிசலோடுதான் திரும்புகின்றன.

கோயிலில் வேதமுத்து கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார். பூசையில் ஒருவரையொருவர் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும், செருப்பைத் தேடுகிறவர் மாதிரி வெளியே நழுவிவிடுவார். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செபமாலையம்மாளே அவர் பின்னால் வெளியே வந்தாள்.

“எத்தன வாரம்ணே இந்தச் செருப்பத் தேடுவீக? கால்லதான கெடக்கு” என்று சொல்லிவிட்டுக் கைகூப்பினாள். அவரும் கைகூப்பினார்.

இந்த மழைக்காலத்தில் வேதமுத்துவின் மனைவி கத்தரீனாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் மகனைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பரோலுக்கு மனுப் போட்டார்கள். வியாழக்கிழமை நன்னடத்தை அதிகாரி வந்து விசாரிப்பார், பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் கேட்பார் என்று தகவல் வந்தது. “எனக்கு ஆட்சேபன இல்லேன்னு சொல்லிருதேன். அவளும் ஒரு தாய்தான” என்றாள் செபமாலையம்மாள்.

திங்கட்கிழமை மதியம், டிரையர் ஓடிக்கொண்டிருந்தபோது வேதமுத்துவின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கம்பத்திலிருக்கும் மைத்துனன் மகன் அனுப்பியிருந்தான். திறந்தால் ஷைஜு. வெள்ளை உடுப்பு, ஒட்ட வெட்டிய முடி, இளைத்த முகம். சிரிக்கிறான், ஏதோ பேசுகிறான், கையை உயர்த்துகிறான். புளோயர் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வேதமுத்து அந்த முகத்தை மூன்று தரம் பார்த்தார். வாரத்துக்கு ஒருமுறை சிறையிலிருந்து முறைப்படி போன் வருவதுண்டு. இப்போது படமும் அனுப்ப விடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததுதான் வினை. பங்கில் இருபத்தெட்டு வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பரீட்சையில் தேறினாலும் காய்ச்சல் விட்டாலும் அதில் சாட்சி சொல்லிப் போடுவது வழக்கம். வேதமுத்துவும் வீடியோவை அதில் போட்டு, ஏலப்பிசின் ஒட்டிய விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்: இயேசுவுக்கே புகழ். என் மகன் சுகமாக இருக்கிறான். செபித்த எல்லாருக்கும் நன்றி.

கால்மணி நேரத்தில் மகள் ஜின்சி ஸ்டோருக்குள் ஓடிவந்து புளோயரை நிறுத்தினாள்.

“என்னத்தப் போட்டு வச்சிருக்கீங்கப்பா? கேட்டுட்டுத்தான் போட்டீங்களா?”

“ஏன்? அண்ணன்தான?”

அவள் போனை அவர் காதோடு ஒட்டிவைத்தாள். அடிதடிப் பாட்டு ஒன்று. அதற்கு மேல் ஷைஜுவின் குரல்: “தம்பிகளா, வளைவு அங்கனதான் இருக்கா? பத்திரமாப் பாத்துக்கங்க. அண்ணன் வந்து இன்னொரு ரவுண்டு அடிக்கணும்.” பின்னால் யாரோ இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

ஜின்சி குழுவிலிருந்து அதை அழித்துவிட்டாள். ஆனால் அதற்குள் நாற்பது பேர் பார்த்தாகிவிட்டது. குழுவில் ஒருவர் மட்டும், “வேதமுத்தண்ணே, இதுக்குமா புகழ்?” என்று எழுதியிருந்தார். மகன் பேசியது ஒரு பக்கம். அதைப் பார்த்ததும் தனக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்பதுதான் வேதமுத்துவை மேலும் கூச வைத்தது. ஜெஸ்னா செத்த வளைவைச் சொல்லி அவன் சிரித்துக்கொண்டிருந்தபோது, இவர் கடவுளுக்கு நன்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

கோயில் உபதேசியார் வந்து ஒன்பது நாள் நவநாள் செபம் செய்யச் சொன்னார். இருபத்தெட்டு வீடு செபித்தாலும், கைதி வைத்திருக்கக் கூடாத போன் சிறை மதிலைத் தாண்டித் தானாகப் பறந்து போகாது. சிறையில் சம்பளம் வாங்குகிற ஒரு கை அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நவநாளுக்கு நாள் குறித்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் கையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

வேதமுத்து மறுநாள் செபமாலையம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“நானும் பாத்தேண்ணே. மொத தடவ வெளங்கல. எந்த வளைவுன்னு யோசிச்சேன்.”

“தாயி, எனக்குக் காதுல விழல. சத்தியமா…”

“உங்களுக்கு விழலேன்னு எனக்குத் தெரியும். அதுக்கு ஏன் சத்தியம்?” கோடாரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள். “நான் வேணாம்னு சொன்னா, பழிவாங்கிட்டாம்பாக. சரின்னு சொன்னா எம்புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல? வியாழக்கெழம நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க.”

வீட்டில் கத்தரீனாள் வேறு சொன்னாள். “அந்தம்மாவே சொல்லப் போறதில்ல. நீங்க ஏன் சொல்றீங்க? ஆபீசருக்கு என்ன தெரியும்? ஒரு வாரம் வந்துட்டுப் போகட்டும். நான் ஆபரேசன் மேசையிலேயே போயிட்டா அவன் மொகத்த எங்க போயிப் பாப்பேன்?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. வேதமுத்து இரண்டு நாள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை வந்த அதிகாரி ஒரு மலையாளப் பெண்மணி. தன்மையாகத்தான் பேசினார். “சேட்டா, மகன் திருந்தியிட்டுண்டா? வெளியே வந்தா ஒழுங்கா நிப்பானா? நீங்கதான் ஜாமீன்.”

கத்தரீனாள் கட்டிலிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா” என்றார் வேதமுத்து. மைத்துனன் மகன் அனுப்பியதைத் திறந்து, முழுச் சத்தத்தில் அவரே போட்டுக் காட்டினார். நாற்பது விநாடியும் ஓட விட்டார். “இவனுக்கு நான் ஜாமீன் நிக்க முடியாது. இன்னொண்ணையும் எழுதுங்க. போன உள்ள குடுத்தது யாரு? அதையும் விசாரிக்கணும்.”

“அது எங்க டிபார்ட்மென்ட் அல்ல, சேட்டா.”

“எழுதினாத்தான் கையெழுத்து.”

அதிகாரி சற்று யோசித்துவிட்டு ஒரு வரி எழுதினார். மலையாளம் படிக்கத் தெரியாததால் வேதமுத்து ஜின்சியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார். கத்தரீனாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை வழக்கமான நேரத்தில் சிறையிலிருந்து போன் வந்தது. மகனின் குரலில் சிரிப்பு இல்லை.

“நீங்கதான் வேணாம்னீங்களாம்.”

“ஆமா. நான்தான்.”

“ஒரு தமாசுக்குப் பேசினேம்ப்பா. என்னைய மட்டும் தனிக் கொட்டடியில அடைச்சிட்டாங்க. போன் வச்சிருந்ததுக்குப் புதுக் கேசு வேற.”

“செபமாலை மூஞ்சிய நெனச்சுப் பாத்தியாலே?”

“பாக்கல” என்றான்.

“அந்தப் போன உனக்கு யாருலே குடுத்தா?”

பதில் ஏதோ முணுமுணுப்பாக வந்தது. வேதமுத்து போனைக் காதில் அழுத்தி, “சத்தமாச் சொல்லு” என்றார்.

“பக்கத்துலதாம்ப்பா நிக்கிறாரு.”

மூன்று வருடத்தில் முதல் முறையாக வேதமுத்துவுக்கு வெட்கத்துக்குப் பதில் கோபம் வந்தது. “போன அவருகிட்டக் குடு” என்றார்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அனுமதித்த நேரம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

ஒரு வாரமாக அவரிடம் பேசாதிருந்த கத்தரீனாள் அப்போதுதான் அவரைப் பார்த்து வாய் திறந்தாள். “என்ன சொன்னான்? ஆபரேசன் எப்பன்னு கேட்டானா?”

அவன் கேட்கவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அணைந்த போனைக் கையில் பிடித்தபடி வேதமுத்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.