அண்ணியின் விரலுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே

அந்தப் படத்தில் அண்ணியின் ஆள்காட்டி விரல் முருங்கைக்காய் நீளத்துக்கு இருந்தது. கேரம் பலகையின் அடிக்கோட்டில் தொடங்கி, கோட்டைத் தாண்டி, ஒரு வெள்ளைத் தீற்றலோடு ஒட்டிக்கொண்டே போனது. அந்தத் தீற்றல்தான் ஸ்ட்ரைக்கர். சில வருடங்களுக்கு முன், மாட்டுப் பொங்கல் மாலையில், எங்கள் தெருவில் இருந்த எல்லார் கைபேசிக்கும் அது போய்ச் சேர்ந்தது. கீழே யாரோ "தள்ளுவண்டி" என்று எழுதியிருந்தார்கள்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. பொங்கலுக்குக் கோலப் போட்டி நடக்காத வருடம் உண்டு, கேரம் போட்டி நடக்காத வருடம் கிடையாது. அண்ணி, என் அண்ணனின் மனைவி, டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆண்களோடு ஜோடி சேர்ந்து ஆடிய ஒரே பெண் அப்போது அவர்தான். அடிக்கும் முன் காயைப் பார்த்து, "வா நைனா, வூட்டுக்குப் போலாம்" என்பார். காயும் பெரும்பாலும் பேச்சைக் கேட்கும்.

அந்த வருடம் பிரியாணிக் கடை பாய் அவருக்கு ஜோடி. அரையிறுதியில் அவர்கள் எதிர் வீட்டு மெக்கானிக்கையும் அவன் ஜோடியையும் வென்றார்கள். தோற்ற மெக்கானிக், தன் கூட்டாளி எடுத்திருந்த அந்தப் படத்தை நடுவரிடம் நீட்டினான். நடுவரை நாங்கள் கிரேன் மாமா என்போம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"சுண்டுனாதான் ஆட்டம் மாமா, தள்ளுனா ஃபவுலு. இத்த பாரு, வெரலு ஸ்ட்ரைக்கரோடவே ஊர்கோலம் போய்கினு கீது. அழுவுனி ஆட்டம்" என்றான் மெக்கானிக்.

கிரேன் மாமா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "படத்துல அப்புடிதாம்மா கீது. நான் இன்னா பண்றது? நாளைக்கு ஃபைனல் ஆட இவன அனுப்ப வேண்டிதான்."

தெருவில் சிரிப்பு எழுந்தது. அண்ணி கையில் ஒட்டியிருந்த பவுடரைத் தட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். எவ்வளவு கேலி செய்தாலும் இரண்டு மடங்காகத் திருப்பித் தருகிறவர் அவர். ஏமாற்றுக்காரி என்ற பேச்சுக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

எனக்குப் பதில் தெரியும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தவன் நான். பாஸ்போர்ட் படம், சர்ச்சில் புதுநன்மை, கல்யாணம் என்று எடுத்து எடுத்துக் கற்றுக்கொண்டதுதான் என் பாடம். ஷட்டர் என்பது கேமராவுக்குள் இருக்கும் கதவு. அது திறந்து மூடுவதற்குள் எதிரில் நடப்பதெல்லாம் ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். வெளிச்சம் குறைந்தால் கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கும். இருட்டில் சாலையை அப்படி எடுத்தால் லாரி இருக்காது, அதன் பின்விளக்கின் சிவப்புக் கோடுதான் இருக்கும். அன்று தெருவில் இருந்ததோ ஒரே ஒரு டியூப் லைட். அண்ணியின் விரல் சுண்டியது, ஸ்ட்ரைக்கர் பறந்தது, சுண்டிய வேகத்தில் விரலும் முன்னே போய் நின்றது. அடுத்தடுத்து நடந்த மூன்றையும் அந்தப் படம் ஒன்றாகப் பூசிவிட்டது. அதே படத்தில், ஈ விரட்டிக்கொண்டிருந்த பாயின் கையில் ஒரு விரலையும் காணோம், வெறும் புகை. அதை ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தின் கடைசியில் நின்று, சொல்ல வேண்டியதை மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலையில் அண்ணி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அலறும் பாட்டுப்பெட்டி ஊமையாக இருந்தது. பக்கத்தில் போய், கைபேசியில் படத்தைப் பெரிதாக்கி, பாயின் விரல் இல்லாத கையைக் காட்டி விளக்கினேன். ஒருவரிடம் என்றால் எனக்குப் பேச வரும்.

அண்ணி துணியை என் தோளிலேயே போட்டார். "அடப்பாவி! இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"கூட்டமா இருந்துச்சு அண்ணி."

"கூட்டம் இன்னா கடிக்குமா? சரி, பேச வரலன்னா வுடு. நீ ஒயுங்கா புடிச்சு காட்டு. மத்தத நான் பாத்துக்குறேன்."

ஸ்டுடியோ முதலாளியைக் கேட்டுக் கேமராவைக் கொண்டுவந்தேன். கதவு கண்ணிமைப்பதைவிடப் பல மடங்கு வேகமாகத் திறந்து மூட வேண்டுமென்றால் வெளிச்சம் கொட்ட வேண்டும். அதற்கு உச்சி வெயில்தான் வழி. காணும் பொங்கலுக்குக் கடற்கரை கிளம்பியவர்கள் அண்ணி போட்ட சத்தத்தில் புளிசாதத் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டார்கள். நாலு பேர் பலகையைத் தூக்கி நடுத்தெருவில் வைத்தார்கள். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, தார் சுட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் எடுத்ததில் விரல் இன்னும் கிளம்பவே இல்லை. அடுத்ததில் ஸ்ட்ரைக்கர் பலகையின் அந்தக் கோடிக்கே போய்விட்டிருந்தது. கதவின் வேகம் போதும், என் விரலுக்குத்தான் வேகம் போதவில்லை. "இன்னாபா, கல்யாணத்துல தாலி கட்றப்பவும் இப்புடிதான் வுட்டுடுவியா?" என்றான் மெக்கானிக். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி வரிசையாக எடுத்தேன். அண்ணியும் "இன்னொரு தபா, இன்னொரு தபா" என்று சுண்டிக்கொண்டே இருந்தார். தெரு முழுவதும் என்னைச் சுற்றி நின்றதை அப்போது நான் மறந்தே போனேன்.

கிடைத்தது. விரல் நிமிர்ந்திருக்கிறது. நகத்தின் பழைய சிவப்புச் சாயம்கூடத் தெரிகிறது. ஸ்ட்ரைக்கர் அதற்கு முன்னால் தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு அரிசி நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியில் பவுடர் தூள் ஒவ்வொன்றும் அந்தரத்தில் நிற்கிறது. இத்தனை வருடம் நான் எடுத்த மணப்பெண்களில் ஒருவர்கூட எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

கிரேன் மாமா கேமராவின் திரையைச் சட்டை நிழலில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "தொடலப்பா. நடுவுல காத்து போவுது. சுண்டிதான் கீறா" என்றார்.

மெக்கானிக் விடவில்லை. "அப்போ என்னையும் புடி. சுண்டுறதுன்னா இன்னான்னு நான் காட்டுறேன்" என்று உட்கார்ந்தான். எடுத்தேன். அவன் விரல் ஸ்ட்ரைக்கரோடு ஒட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டியிருந்தது. அடுத்த படத்திலும் அப்படியே. தூசு தும்பு வரைக்கும் தெளிவாக விழுந்திருந்த படம், தப்பிக்க வழியில்லை.

"டேய், நீ எங்கடா சுண்டுற? கூடவே போய் வூட்ல வுட்டுட்டு வர்றியே!" என்றார் கிரேன் மாமா. புளிசாதத் தூக்கு ஒன்று கீழே விழும் அளவுக்குத் தெரு சிரித்தது. அடுத்த வருடப் போட்டியில் அவனைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு குரல் வந்தது.

"அதெல்லாம் வுடு மாமா" என்றார் அண்ணி. "அவன் வரட்டும். எதுர்ல ஆள் இல்லாம நான் யார ஜெயிக்கிறது?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "யக்கா, நானு தள்றேன்னு எனுக்கே தெர்யாதுக்கா" என்றான். பொய் சொல்பவன் முகம் அப்படி இருக்காது.

அன்று மாலை இறுதி ஆட்டத்தில் அண்ணியும் பாயும் தோற்றார்கள். குழிக்கு நேராக இருந்த காயைப் பாய் கோட்டைவிட்டார். "அன்னிக்குப் படத்துலயே ஒனுக்கு வெரல் இல்ல பாய், நான்தான் உஷாராவாம பூட்டேன்" என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறார், பாய் இன்றைக்கும் பிரியாணியில் ஒரு துண்டு கூடப் போட்டு வாயை அடைக்கிறார்.

அதன்பிறகு தெருவில் ஆளாளுக்குத் தங்கள் அடியைப் படம் பிடித்துக் காட்டச் சொன்னார்கள். அந்த இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பார்த்து என் கண் பழகிவிட்டது. இந்தப் பொங்கலுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்திருந்த கிரேன் மாமா, தன் பக்கத்தில் நாற்காலி போட்டு, "நீயும் பாத்து சொல்லு" என்று என்னை உட்காரவைத்தார். மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அண்ணிக்கு இந்த முறை ஜோடி அந்த மெக்கானிக்தான். ஆட்டம் முடியும் கட்டம். அண்ணி அடித்தார், காய் குழியில் விழுந்தது, விசில் பறந்தது. என் கையில் கேமரா இல்லை. ஆனாலும் பார்த்துவிட்டேன்.

"ஃபவுல்" என்றேன்.

விசில் நின்றது. அண்ணி நிமிர்ந்தார். "இன்னாது?"

"தள்ளிட்டீங்க அண்ணி."

"யோவ், போட்டோ கீதா?" என்று மெக்கானிக் எழுந்தேவிட்டான்.

"குந்துடா. போட்டோ இன்னாத்துக்கு? வேர்வைல வெரலு ஒட்டிகிச்சு, அடிச்ச எனுக்குத் தெரியாதா?" அண்ணி குழிக்குள் கைவிட்டுக் காயை எடுத்து நடுவில் வைத்தார். பிறகு இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னொரு தபா சொல்லு தம்பி. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

இன்னும் உரக்கச் சொன்னேன்.