மருந்தடித்த வெண்டைப் பாத்தி

பாகூர் ஏரிப் பாசனத்தில் உள்ள எங்கள் நிலத்தை ஒட்டிய இரண்டு பழைய அறைகளைச் செப்பனிட்டு, வெளியூர் விருந்தினர் தங்குவதற்கென என் மருமகள் திறந்து ஓராண்டாகிறது. தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அம்முயற்சியில் வாய்த்த பணி, வருவோரை வரவேற்று உரையாடுவது. அதனைச் சற்று மிகையாகவே செய்துவந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அம்முறை சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஆறு வயது மகளும் வந்திருந்தனர். மாலையில் அவர்களை வரப்பில் அழைத்துச் சென்று, "இங்க இருக்கறது எல்லாம் உனக்குத்தான், எது வேணுமோ பறிச்சுச் சாப்பிடு" என்று குழந்தையிடம் பெருமிதத்தோடு கூறியவன் நானே. பெற்றோர் இருவரும் நடவில் இறங்கித் தடுமாறினர். எங்கள் நிலத்தில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் அம்மையார் மருமகளைப் பார்த்துச் சிரித்தார்: "ஏம்மா, இவங்க நட்டத நான் புடுங்கித் திரும்ப நடணும். அதுக்குத் தனிக் கூலி யாரு குடுப்பா, நீயா அவங்களா?"

மறுநாள் விடியலில் அந்த அம்மையாரே வெண்டைப் பாத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தார். தெளித்து முடித்ததும் வழக்கம்போல் பாத்தியின் முனையில் குச்சியொன்றை நட்டு, அதில் வைக்கோல் பிரியைக் கட்டினார். அப்பிரி நிற்கும்வரை எவரும் உள்ளே நுழைவதில்லை, மாட்டையும் விடுவதில்லை. சுற்றுவட்டத்தில் யாருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை. காலை நடையில் நானும் அதைக் கண்டேன். கண்டும் கடந்து சென்றேன்.

சிற்றுண்டி வேளையில் குழந்தை ஓடிவந்தாள். கையில் பாதி கடித்த வெண்டைக்காய்.

"தாத்தா, நானே பறிச்சேன்!"

எத்தனை தின்றாய் என்று கேட்டேன். இரண்டு விரல்களைக் காட்டினாள். சற்று எண்ணிப் பார்த்து மூன்றாக்கினாள்.

மருமகள் குழந்தையின் வாயையும் கைகளையும் கழுவிவிட்டாள். கூச்சல் கேட்டு அம்மையார் ஓடிவந்தார். "இன்னா ஐயா, பிரி கட்டி வுட்டிருந்தேனே! அவங்க பாக்கலியா?"

"அதுவா?" என்றார் குழந்தையின் தாய். "அழகா இருக்குன்னு அது பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்தோமே..."

மருந்துப் புட்டியைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பிள்ளையார்குப்பத்துப் பெரிய மருத்துவமனைக்கு விரைந்தோம். தந்தை மகிழுந்தை ஓட்ட, அருகில் அமர்ந்திருந்த நான் நொடிக்கொரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தேன். குழந்தை கொட்டாவி விட்டால் நஞ்சேறுகிறதோ என்று தோன்றியது. எச்சில் விழுங்கினாலும் அவ்வாறே. புட்டியின் மேலிருந்த சிற்றெழுத்துகளைப் படிக்க முயன்றேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

மருத்துவர் புட்டியை வாங்கிப் பார்த்தார், குழந்தையைச் சோதித்தார், மாலைவரை கண்காணிக்க வேண்டும் என்றார். "நான் சொன்னதாலதான் பறிச்சா" என்று தந்தையிடம் கூறினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பகற்பொழுது முழுவதும் கட்டிலின் காலடியில் நின்றேன்; அமர்வதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

பொழுது சாயும் வேளையில் குழந்தை பசிக்கிறதென்று அழுதாள். அச்சத்துக்குரிய குறி ஏதுமில்லை, அழைத்துச் செல்லலாம், இரவில் வாந்தி கண்டால் உடனே திரும்புங்கள் என்றார் மருத்துவர்.

திரும்பும் வழியில் தாய் மெல்லக் கேட்டார்: "நேத்து ராத்திரி வெண்டைக்காய்ப் பொரியல் போட்டீங்களே, அதுவும் அங்க பறிச்சதா?"

"இல்லம்மா. அது வீட்டுக்குப் பின்னால எங்களுக்குன்னு தனியா வெச்ச செடி. அதுக்கு நாங்க மருந்தே அடிக்கறதில்ல." அவரைத் தேற்றவே அந்த உண்மையைச் சொன்னேன்.

"அப்போ அந்தப் பாத்தி யாருக்கு?"

"சந்தைக்கு" என்றேன்.

அதன்பின் வழிநெடுக அவர், மடியில் உறங்கிய மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.